ஸாப்ஃபினோ என்றொரு எழுத்துரு: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

போன முறை பங்குச்சந்தை, அதற்கு முந்தின முறை புரோட்டா சால்னா, இந்த முறை ஃபாண்ட். பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். இந்தப் பக்கத்துக்கு ஒரு ஒழுங்கு கிடையாது என்பது வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும் :-) ஆனாலும் இது நம் எல்லோர் கண்ணிலும் தினமும் படுகிற சமாச்சாரம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் கொடுக்கிற சான்றிதழ், அழகு நிலையத்துப் போர்டு, கேக் கடை அட்டைப்பெட்டி, துணிக்கடைப் பை... இங்கெல்லாம் ஆங்கில எழுத்து கொஞ்சம் சாய்ந்து, வளைந்து, வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். பேனாவால் எழுதியது மாதிரி இருக்கும், ஆனால் வந்தது கணினியில் இருந்து. இவற்றுக்கு ஸ்கிரிப்ட் ஃபாண்ட் என்று பெயர். டிடிபி சென்டரில் கேட்டால் "கர்சிவ்" என்பார்கள்.

இந்த வகையிலேயே ரொம்ப ஆடம்பரமான ஒன்று ஸாப்ஃபினோ. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமானது. வால் ஒரு பக்கம் ஓடும், தலை ஒரு பக்கம் ஓடும், ஒரு சின்ன வார்த்தையே அரைப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எழுத்துகளைக் கிண்டல் செய்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. எனக்கு இவை பிடிக்கும். ஆனால் நம்மிடம் சிக்கி இவை படுகிற பாட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. படிக்கிறவர் பாதி பார்த்ததுமே ஊகித்துவிடக்கூடிய வார்த்தைக்கு அலங்கார எழுத்தைப் போடலாம். அவர் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய தகவலுக்குப் போடவே கூடாது. இவ்வளவுதான் என் கட்சி. ஏன் என்று கீழே.

ஒரு எழுத்துருவுக்கு 54 வருஷம்

ஸாப்ஃபினோவை வடிவமைத்தவர் ஹெர்மன் ஸாப்ஃப். 1918ல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தில் பிறந்தவர், 2015ல் டார்ம்ஸ்டாட்டில் இறந்தார். இவர் எழுத்துக்கலைக்கு வந்ததே ஒரு விபத்து மாதிரிதான். எலக்ட்ரிகல் என்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்ட பையன். அப்பா தொழிற்சங்கக்காரர். 1933ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அப்பாவுக்கு வேலை போனது, பையனுக்கு அந்தப் படிப்புக்கான வாசலும் அடைபட்டது. 1934ல் ஓர் அச்சகத்தில் படங்களைத் திருத்தும் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு வருஷம் ருடால்ஃப் கோஃக் என்ற எழுத்துக்கலைஞரின் நினைவாக நடந்த ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு, இரண்டு புத்தகங்களை வாங்கி, வாத்தியார் யாரும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து தானே எழுதிப் பழகினார்.

அதற்குப் பிறகு போர். ராணுவத்தில் இவரை வரைபடம் வரைகிற பிரிவில் போட்டார்கள். 1944ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, தன் சின்னக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுக்க மனம் போனபடி வளைந்து ஓடுகிற எழுத்துகளை எழுதிவைத்தார். அந்தப் பக்கம்தான் ஸாப்ஃபினோவின் விதை.

போர் முடிந்த பிறகு 1948 வாக்கில், அந்த மாதிரி எழுத்தை ஸ்டெம்பெல் என்ற ஜெர்மன் அச்செழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காகச் செய்து பார்க்க நினைத்தார். ஈய அச்சில் அது முடியாது என்று கைவிட்டார். அந்தக் காலகட்டத்தில் அவர் செய்த பலட்டினோவும், 1950களில் செய்த ஆப்டிமாவும் உலகம் முழுக்கப் பேர் வாங்கின. இந்த வளைந்த எழுத்து மட்டும் நோட்டுக்குள்ளேயே கிடந்தது.

1990களில் டேவிட் சீகல் என்ற அமெரிக்க இளைஞர் அவருக்குக் கடிதம் எழுதினார். கணினியை வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் பல வடிவங்கள் கொடுத்து, கையெழுத்து மாதிரியே மாறி மாறி வரும் ஒரு எழுத்துரு செய்யலாம் என்று யோசனை. ஸாப்ஃபுக்கு உடனே அந்த 1944 பக்கம் ஞாபகம் வந்தது. வேலை பாதியில் இருக்கும்போது சீகல் விலகிவிட்டார். ஸாப்ஃப் விடவில்லை. 1997ல் லைனோடைப் நிறுவனத்திடம் கொண்டுபோனார். 1998ல் ஸாப்ஃபினோ வெளிவந்தது. அப்போது அவருக்கு எண்பது வயது.

நாம் மெனுவைத் திறந்து, ஒரு சொடுக்கில் தேர்ந்தெடுத்து, பிடிக்கவில்லையா இன்னொரு சொடுக்கில் மாற்றிவிட்டுப் போகிறோமே, அதற்குப் பின்னால் 54 வருஷம் நின்றுகொண்டிருக்கிறது.

ஈயத்தில் ஏன் முடியவில்லை?

இது கொஞ்சம் டெக்னிகல். ஆனால் தமிழ் தட்டச்சு செய்கிற யாருக்கும் சுலபமாகப் புரியும்.

ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னச் செவ்வகக் கட்டையின் மேல் நிற்கும். கட்டைகளை வரிசையாக அடுக்கினால் வார்த்தை. ஒரு எழுத்தின் வால் பக்கத்து எழுத்துக்கு அடியில் போகவேண்டும் என்றால், அந்த வால் கட்டையைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். துருத்தினால் உடையும். லைனோடைப் இயந்திரத்தில் அப்படித் துருத்தவே வழியில்லை. கையெழுத்தோ இதற்கு நேர் எதிர். பக்கத்தில் என்ன எழுத்து வருகிறதோ அதைப் பார்த்து வளைந்துகொடுப்பதுதான் கையெழுத்து. வார்த்தையின் கடைசியில் வரும் எழுத்துக்கு நீளமான வால் விடுவோம், நடுவில் வந்தால் சுருக்கிக்கொள்வோம். ஒரே "டி" பக்கத்து எழுத்தைப் பார்த்து நாலு மாதிரி மாறும்.

கணினி வந்தபிறகுதான் இது சாத்தியமானது. ஸாப்ஃபினோவில் ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்கள் உண்டு. பக்கத்தில் எது வருகிறது என்று பார்த்து மென்பொருள் வடிவத்தை மாற்றிப் போடும். ஆப்பிளின் பதிப்பில் "ஸாப்ஃபினோ" என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், ஏழு எழுத்தும் சேர்ந்து அதற்கென்றே வரைந்த ஒற்றை வடிவமாக மாறிவிடும். 2003ல் ஸாப்ஃபும் ஜப்பானியரான அகிரா கோபயாஷியும் சேர்ந்து இன்னும் நிறைய வடிவங்களோடு ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ரா என்று புதுப்பித்தார்கள்.

நம்ம ஆட்களுக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. தமிழில் "கு" என்று தட்டும்போது கணினிக்குப் போவது "க" ஒரு குறியீடு, உகரக்குறி இன்னொரு குறியீடு. திரையில் வருவது ஒரே வடிவம். "டி", "மூ", "க்ஷ" எல்லாம் இப்படித்தான். பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் அதே ஓப்பன்டைப் வித்தைதான் ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ராவின் வாலையும் ஆட்டுகிறது. ஜெர்மன்காரருக்கு அலங்காரம், நமக்கு அன்றாடச் சோறு.

ஈயமும் தட்டச்சும் நம்மையும் வளைத்திருக்கின்றன. பழைய புத்தகங்களில் ணை, லை, ளை, னை எழுத்துகளுக்குத் துதிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். ணா, றா, னா எல்லாம் காலைத் தனியாகப் போடாமல் சேர்த்து எழுதியிருப்பார்கள். பெரியார் 1935லேயே தன் பத்திரிகையில் இவற்றை மாற்றினார். 1978ல் தமிழ்நாடு அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றி ஆணை போட்டது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பது அதில் பெரிய காரணம். அது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சொல்ல வருவது, இயந்திரத்துக்காகக் கை விட்டுக்கொடுத்த கதை எல்லா மொழியிலும் உண்டு என்பதுதான். ஸாப்ஃபினோ, கைக்காக இயந்திரம் விட்டுக்கொடுத்த கதை. அதனால்தான் எனக்கு அதன் மேல் மரியாதை.

நகலும் அசலும் ஒரே வீட்டில்

நம்ம ஊரில் விண்டோஸ்தான் அதிகம். ஆகவே நீங்கள் பார்த்த சான்றிதழ்களில் இருந்தது பெரும்பாலும் ஸாப்ஃபினோவாக இருக்காது, மோனோடைப் கோர்சிவாவாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு சேர்ந்து பல வருஷம் வந்தது இது. இதற்கும் ஸாப்ஃபுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1979ல் ஸாப்ஃப், ஐடிசி என்ற நிறுவனத்துக்காக ஸாப்ஃப் சான்சரி என்ற எழுத்துருவைச் செய்தார். இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் அலுவலக எழுத்தர்கள் எழுதிய சாய்ந்த கையெழுத்துதான் அதற்கு மூலம். அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுக்க அர்ரிகி என்பவர் 1522 என்று வருஷம் போட்டு ஒரு கையேடே வெளியிட்டார். 1986ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறி வந்தபோது, அதற்குள்ளேயே இருந்த 35 எழுத்துருக்களில் ஸாப்ஃப் சான்சரியும் ஒன்று. அந்த இடத்தை நிரப்ப மோனோடைப் நிறுவனம் பின்னால் கொண்டுவந்ததுதான் கோர்சிவா. வடிவமைத்தவர் பட்ரீசியா சாண்டர்ஸ். எழுத்தின் அகலங்கள் ஸாப்ஃப் சான்சரியோடு அப்படியே பொருந்தும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் வரி கலையாது.

கோர்சிவாவை நான் திருட்டு என்று சொல்லவில்லை. அது அர்ரிகி காலத்துக் கையெழுத்தையே மூலமாகக் காட்டுகிறது, ஸாப்ஃப் சான்சரியிலிருந்து வித்தியாசமும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் நகல் என்பது எவ்வளவு பெரிய காயம் என்பதற்கு ஸாப்ஃபே சாட்சி. அவருடைய பலட்டினோவைப் போலவே இருக்கும் புக் ஆன்டிக்வா விண்டோஸ் கணினிகளில் பரவியது. எழுத்துரு வடிவமைப்பாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏடைப்பிஐயில், அனுமதியில்லாமல் நகல் எடுப்பதை எதிர்த்துப் பேசுகிற பெரிய உறுப்பினர்களே நகல் எடுக்கிறார்கள் என்று சொல்லி 1993ல் அவர் விலகினார்.

சட்டமும் பெரிதாக உதவாது. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று 1978ல் எல்ட்ரா வழக்கில் நீதிமன்றம் சொன்னது. ஃபாண்ட் கோப்பு ஒரு மென்பொருள் என்ற கணக்கில் மட்டும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. அதாவது கோப்பை நகல் எடுத்தால் தப்பு, வடிவத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்தால் தப்பில்லை!

கதையின் கடைசிதான் வேடிக்கை. ஐடிசி 2000ல் மோனோடைப் பக்கம் போனது. லைனோடைப் 2006ல் போனது. ஸாப்ஃப் சான்சரி, கோர்சிவா, பலட்டினோ, புக் ஆன்டிக்வா, ஸாப்ஃபினோ எல்லாம் இன்று ஒரே முதலாளியின் சரக்கு. நிறுவனங்கள் ஒன்றை ஒன்று வாங்கும் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் புத்தகத்தில் இல்லை.

கொஞ்சம் வணிகவியல்

டிடிபி சென்டரில் நடக்கும் உரையாடல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"அண்ணே, இந்த ஃபாண்ட் வேண்டாமே, படிக்கக் கஷ்டமா இருக்கு."

"தம்பி, இதுதான் ரிச்சா இருக்கும். எல்லாரும் இதைத்தான் கேட்கறாங்க."

இந்த "ரிச்" எங்கிருந்து வந்தது? வெளிநாட்டில் ஒரு காலத்தில் அழைப்பிதழ்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள். செதுக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும், காசு வேண்டும். வசதி உள்ளவர்களால்தான் முடியும். அதனால் வளைந்த எழுத்தைப் பார்த்தாலே பெரிய இடம் என்ற எண்ணம். பிறகு போட்டோ அச்சு வந்தது. 1966ல் மாத்யூ கார்ட்டர், சார்லஸ் ஸ்நெல் என்ற பழைய கையெழுத்து வாத்தியாரின் எழுத்தை வைத்து ஸ்நெல் ரவுண்டுஹேண்ட் செய்தார். செதுக்கல் செலவு இல்லாமல் அதே தோற்றம். கணினி வந்ததும் அந்தச் செலவும் பூஜ்யம்.

இங்கேதான் பிளஸ் டூவில் படித்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி வருகிறது. முதல் ஜிலேபி அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, ஐந்தாவது திகட்டும். ஒரு பத்திரிகையில் மணமக்கள் பெயர் மட்டும் வளைந்த எழுத்தில் இருந்தால் கண் அங்கேயே போகும். மண்டபத்தின் முகவரி, தாத்தா பாட்டி பெயர், "தங்கள் நல்வரவை விரும்பும்", அச்சகத்தின் பெயர் வரை அதே எழுத்தென்றால் கண் எங்கே போகும்? எங்கேயும் போகாது, பத்திரிகையை மூடிவிடும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். தங்க முலாம் போட்ட அட்டைக்குக் கூடுதல் காசு. அதனால் அந்த அட்டை "உனக்காகச் செலவு செய்தேன்" என்று சொல்கிறது. கோர்சிவாவுக்குக் கூடுதல் காசு இல்லை என்பது வாங்குகிறவர் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அது தனியாக எதையும் சொல்வதில்லை. கணக்கியல் பாஷையில் சொன்னால், இயந்திரம் ஓட ஓடத் தேய்வதுபோல இதன் நற்பெயர் போடப் போடத் தேய்கிறது. தேய்மான ஒதுக்கீடு செய்ய ஆள்தான் இல்லை.

சரி, ஏன் இவ்வளவு கோபம்?

அழகு கெட்டுப்போவது மட்டும் காரணம் என்றால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். சிலருக்கு இது வாசலை அடைக்கிறது. அதுதான் காரணம்.

என் தாத்தா ஆங்கில தினசரியை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார். அது நேரான எழுத்து. ஒரு வரவேற்பு அழைப்பிதழ் தமிழ்ப் பக்கமே இல்லாமல் வந்தது. முழுக்க வளைந்த ஆங்கிலம். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்குன்னு பார்த்துச் சொல்லுய்யா" என்று என்னிடம் நீட்டினார். படிக்கத் தெரிந்த ஒரு மனிதரைப் படிக்கத் தெரியாதவராக்கியது அந்தக் காகிதம்.

ஒரு கல்லூரி விழாவில் நடந்ததையும் சொல்கிறேன். அழைப்பிதழில் அறை, கட்டடம், நேரம் எல்லாம் ஸ்கிரிப்ட் எழுத்தில். இந்த வகை எழுத்துகள் பலவற்றில் ஆங்கில "டி"யும் "எஃப்"பும் பெரிய எழுத்தாக வரும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதல் வருஷப் பிள்ளைகள் நாலைந்து பேர் எஃப் பிளாக்குக்குப் பதிலாக டி பிளாக்குக்குப் போய் நின்றுவிட்டு, பாதி நிகழ்ச்சி முடிந்தபிறகு வந்தார்கள். "இங்கிலீஷ் படிக்கத் தெரியலையா?" என்று ஒருவர் கேட்டார். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள். எனக்குத் தெரியவில்லையோ என்று குனிந்துகொண்டார்கள். பிழை அவர்கள் கண்ணில் இல்லை, காகிதத்தில் இருந்தது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை.

அந்த விழாவின் சான்றிதழ் இன்னும் மோசம். மாணவர் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், கோர்சிவாவில். ஸ்கிரிப்ட் எழுத்துருவின் பெரிய எழுத்துகள் ஒரு வார்த்தைக்கு முன்னால் தனியாக நின்று கம்பீரம் காட்டுவதற்காக வரைந்தவை. பத்துப் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் வால் இன்னொருவர் காலில் மாட்டும். மேடையில் பெயர் வாசித்தவர் இரண்டு மூன்று பெயர்களைத் தப்பாகவே கூப்பிட்டார். ஒரு சான்றிதழில் "சான்றிதழ்" என்ற தலைப்பை யாரும் படிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். ஊகிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: பெயர். நாம் தலைப்பைத் தெளிவான எழுத்தில் போட்டுவிட்டுப் பெயரைப் புதிராக்குகிறோம்.

ஆகவே என் கட்சியை மறுபடி சொல்கிறேன். "நன்றி", "வாழ்த்துகள்", "திருமண அழைப்பிதழ்", எல்லோருக்கும் பழகிய கடைப்பெயர்... இவற்றைப் பாதி பார்த்தாலே மீதி தெரிந்துவிடும். அங்கே ஸாப்ஃபினோவை ஆடவிடுங்கள். தேதி, நேரம், இடம், போன் நம்பர், அறிமுகம் இல்லாதவரின் பெயர்: இவை நேரான எழுத்தில்தான் வர வேண்டும்.

போடுவதென்றால் எப்படிப் போடலாம்?

பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. ஐந்தாறு வார்த்தைக்கு மேல் வேண்டாம். பத்தியாக அடிக்கவே வேண்டாம்.

2. முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். முதல் எழுத்து மட்டும் பெரிது.

3. பெரிய அளவில் போடுங்கள். ஸாப்ஃபினோவில் தலையும் வாலும் நீளம், நடு உடம்பு சின்னது. மற்ற எழுத்துருவில் 12 புள்ளி அளவில் வசதியாகப் படிக்க முடிந்தது இதில் எறும்பு மாதிரி தெரியும்.

4. சுற்றி இடம் விடுங்கள். மேல் வரியின் வால் கீழ் வரியின் தலையில் இடிக்கக்கூடாது.

5. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டாதீர்கள். சேர்ந்து ஓடும் எழுத்துகளைப் பிரித்தால் அறுந்த நூல் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் இழுத்து அகலமாக்குவது அதைவிடப் பாவம்.

6. பின்னால் நிழல், சுற்றி வெள்ளை பார்டர், உள்ளே வானவில் கலர்... ஃப்ளெக்ஸ் பேனர் அண்ணன்களுக்குக் கைகூப்பி வேண்டுகோள், ஏதாவது ஒன்றை மட்டுமாவது விட்டுவிடுங்கள் :-)

7. துணைக்கு அமைதியான ஒரு எழுத்துருவை வையுங்கள். ஆடுகிறவர் ஒருவர் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தாளம் போட்டால் போதும்.

8. மாற்று வடிவங்கள் இருந்தால் பயன்படுத்துங்கள். ஒரே வார்த்தையில் இரண்டு "எல்" வந்தால் இரண்டும் அச்சு மாதிரி ஒன்றாக இருப்பதுதான் கையெழுத்து இல்லை என்று காட்டிக்கொடுக்கும். ஸாப்ஃப் இத்தனை வடிவம் வரைந்தது அதற்காகத்தான்.

மேதாவிகளுக்கும் ஒரு வார்த்தை

வடிவமைப்பு படித்தவர்கள் சிலர் இந்த மாதிரி எழுத்துகளைப் பார்த்தாலே மூக்கைச் சுளிக்கிறார்கள். ரசனை கெட்டவர்கள் செய்கிற வேலை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நம்ம ஊரில் ஒன்றாம் வகுப்பிலேயே நாலு கோடு நோட்டு வாங்கிக்கொடுத்து ஆங்கிலத்தைச் சேர்த்து எழுதப் பழக்குகிறார்கள். அழகான கையெழுத்துக்கு மார்க் உண்டு, வீட்டில் பெருமை உண்டு. அப்படி வளர்ந்தவர்களுக்கு வளைந்த எழுத்து என்றால் மரியாதை, அக்கறை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற அப்பா அந்த எழுத்தைக் கேட்பது ரசனைக் குறைவால் இல்லை. தன்னால் முடிந்த மரியாதையை வருகிறவருக்குக் கொடுக்க நினைக்கிறார். அந்த நினைப்பு சரி. அதை எந்த இடத்தில் வைப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது படித்தவர்கள் வேலை. சிரிப்பது அவர்கள் வேலை இல்லை. ஸாப்ஃபே ஹால்மார்க் வாழ்த்து அட்டை நிறுவனத்துக்கு ஆலோசகராகப் பல வருஷம் இருந்தவர். சாதாரண மக்கள் வாங்கும் அட்டைக்கு எழுத்து வரைவதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை.

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். "5000 ஃபாண்ட்" என்று ஒரு சிடி நம்ம ஊரில் கை மாறிக்கொண்டே இருந்தது, இப்போது அது பென் டிரைவில் மாறுகிறது. அதில் உள்ள எதற்கும் யாரும் காசு கொடுத்ததில்லை. மாணவனிடம் காசு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் திருட வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. 2010ல் கூகுள் ஃபாண்ட்ஸ் தொடங்கியதில் இருந்து, திறந்த உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இத்தாலியச் சாய்வெழுத்து பாணி வேண்டுமா, டாஞ்சரின் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை பாணி வேண்டுமா, கிரேட் வைப்ஸ் இருக்கிறது. தமிழிலும் கையெழுத்துச் சாயலோடு கவிவாணர் இருக்கிறது, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்தது. ஆங்கிலப் பக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிற நாம், தமிழ்ப் பக்கத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு பழைய எழுத்துருவையே போடுகிறோம். தமிழ் எழுத்துரு செய்கிறவர்களை நாலு பேர் தேடிப்போய்க் கேட்டால்தான் ஐந்தாவது எழுத்துரு வரும். தேவை இருந்தால் அளிப்பு வரும், இது முதல் வருஷப் பாடம்.

கடைசியாக ஒரு யோசனை. இந்த வருஷம் துறை விழா, அக்கா கல்யாணம், கடை திறப்பு என்று யார் எதை அடித்தாலும், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவரிடமோ, ஆறாவது படிக்கிற பிள்ளையிடமோ கொடுங்கள். எங்கே, எப்போது, யாருக்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். கண்ணைச் சுருக்காமல் பதில் சொன்னால் அச்சடியுங்கள். தடுமாறினால் அந்த வரியை மட்டும் நேரான எழுத்துக்கு மாற்றுங்கள். ஐந்து நிமிஷ வேலை, செலவு ஒரு தாள்.